மணம் வராத பெட்டி

1965-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி பிபிசி தொலைக்காட்சியில் ஒரு பேராசிரியர் வந்து உட்கார்ந்தார். வாசனையை வீட்டுக்கு வீடு அனுப்பும் கருவி ஒன்றைக் கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் கேமராவுக்கு முன்னால் வெங்காயம் நறுக்கினார், காபி போட்டார். நேயர்களிடமிருந்து தொலைபேசி அழைப்புகள் வந்தன. காபி மணந்தது என்றார்கள், வெங்காய நெடி அடித்தது என்றார்கள். கருவியும் கிடையாது, கண்டுபிடிப்பும் கிடையாது. முட்டாள்கள் தினத்துக்காக அவிழ்த்துவிட்ட கதை அது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு 5 ஆண்டுகளுக்கு முன்புதான், 1960-இல், அமெரிக்காவில் ‘சென்ட் ஆஃப் மிஸ்டரி’ என்ற படத்துக்காகத் திரையரங்குக்குள் நிஜமாகவே குழாய் பதித்து இருக்கைக்கு இருக்கை வாசனை அனுப்பிப் பார்த்திருந்தார்கள். வாசனை நேரத்துக்கு வந்து சேராமல் அந்த முயற்சி படுத்துவிட்டது. குழாய் போட்டு அனுப்பியபோது ஒழுங்காக வராத மணம், ஒன்றுமே அனுப்பாதபோது வந்திருக்கிறது.

ஏமாந்த சோணகிரிகள் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் வார இறுதி இரவுகளில் நம் வீட்டுக் கூடத்தில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். 2019-இல் விஜய் டிவியில் ‘குக் வித் கோமாளி’ தொடங்கியதிலிருந்து, சமையல் நிகழ்ச்சி என்பது மத்தியானத் தூக்கத்துக்கு முன் அம்மாக்கள் மட்டும் பார்க்கும் சமாச்சாரமாக இல்லை. கோமாளிகளுக்காகப் பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். பிள்ளைகளுக்காக அப்பா உட்காருகிறார். பாட்டி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார். “கடுகு இன்னும் வெடிக்கவே இல்ல, அதுக்குள்ள உளுத்தம்பருப்பைக் கொட்டுறா பாரு” என்று பாட்டி திரையைப் பார்த்துக் கண்டிப்பதும், “பாட்டி, அவங்களுக்குக் கேக்காது” என்று பேத்தி சொல்வதும் அந்த ஒரு மணி நேரத்தின் பகுதி. அந்தக் கூடத்தில் இருப்பவர்களில் யாரும் எதையும் சாப்பிடவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் பசிக்கிறது.

தொலைக்காட்சிப் பெட்டி கொண்டுவருவது ஒளியும் ஒலியும் மட்டும். மணம், ருசி, சூடு, காரம், விரலுக்குத் தெரியும் பதம் எல்லாம் திரைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகின்றன. சமையலில் முக்கால்வாசி அதில் அடக்கம். அந்த முக்கால்வாசியைப் பார்ப்பவரின் உடம்பு தானே போட்டு நிரப்பிக்கொள்கிறது.

மூக்கிலிருந்து தொடங்கலாம். 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோவாம் சோபெல் என்பவரின் குழுவினர், வாசனைகளைச் சும்மா மனத்தில் நினைத்துப் பார்க்கச் சொல்லி ஆட்களின் மூச்சை அளந்தார்கள். நினைக்கும்போதே மோந்து பார்த்தார்கள். எதிரே எந்தப் பொருளும் இல்லை, ஆனாலும் மூக்கு காற்றை இழுத்தது. நல்ல வாசனையை நினைத்தால் இழுப்பு பெரிதாகவும், நாற்றத்தை நினைத்தால் சிறிதாகவும் இருந்தது. மூக்கைக் கிளிப் போட்டு அடைத்துவிட்டால் நினைவில் வரும் வாசனையும் மங்கியது. அதற்கு 3 ஆண்டுகள் கழித்து ஸ்பெயினில் இன்னொரு குழு, மூளைப் படக்கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்கு வாசனைப் பொருள்களின் பெயர்களை வெறும் எழுத்தாகக் காட்டியது. பட்டை என்ற சொல்லைப் படித்ததுமே வாசனையைக் கையாளும் மூளைப் பகுதிகள் விழித்துக்கொண்டன. வெறும் எழுத்துக்கே இவ்வளவு என்றால், பெரிய திரையில் கரண்டியிலிருந்து நெய் ஒழுகி முந்திரியில் விழுவதைப் பார்க்கும்போது கேட்கவே வேண்டாம். அடுத்த முறை பிரியாணிக்குத் ‘தம்’ உடைக்கும் காட்சி வரும்போது திரையை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரின் மூக்கைக் கவனியுங்கள்.

மூக்குக்கு அடுத்து வயிறு. இவான் பாவ்லோவ் என்றதும் மணியடித்தால் எச்சில் வடிக்கும் நாய்தான் நினைவுக்கு வரும். 1904-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது அதற்காக இல்லை, செரிமானத்தை ஆராய்ந்ததற்காக. நாயின் உணவுக்குழாயைக் கழுத்திலேயே வெளியே திறந்துவிட்டு, தின்றது எதுவும் வயிற்றுக்குப் போகாதபடி செய்து, வயிற்றிலிருந்து தனியாக ஒரு குழாய் வழியே சுரப்பைப் பிடித்துப் பார்த்தார். ஒரு துணுக்குகூட வயிற்றுக்குள் போகாதபோதும் அங்கே அமிலம் சுரந்தது. மூளையிலிருந்து வயிற்றுக்கு வரும் வேகஸ் நரம்பை வெட்டியதும் நின்றுபோனது. (அப்படிப் பிடித்த நாய் வயிற்றுச் சாற்றை அஜீரணத்துக்கு மருந்தாக விற்றும் இருக்கிறார்கள். இப்போது சமைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த வரியை மறந்துவிடலாம்.) இன்றைய பாடப்புத்தகங்கள் இதைச் செரிமானத்தின் தலைக்கட்டம் என்கின்றன. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சுரக்கும் அமிலத்தில் சுமார் 30 சதவீதம், சோறு வயிற்றுக்குள் போவதற்கு முன்பே தொடங்கும் தலையின் உத்தரவில் சுரக்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை ஜப்பானியர்கள் 1999-இல் கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டுப் படங்களைக் காட்டினாலே இரத்தத்தில் அதன் அளவு கூடுகிறது என்பதை ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2012-இல் அளந்து காட்டினார்கள்.

ஒலிக்கு வருவோம். சமையல் நிகழ்ச்சியில் கேமராவுக்குக் கிடைக்கும் புகழில் பாதியாவது மைக்குக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி. வெங்காயம் எண்ணெயில் விழும்போது கேட்கும் அந்தச் ‘சொய்ங்’ எண்ணெய் தானாகப் போடும் சத்தம் இல்லை. எண்ணெய் எவ்வளவு காய்ந்தாலும் சும்மா இருந்தால் அமைதியாகத்தான் இருக்கும். சத்தம் தண்ணீருடையது. 170, 180 டிகிரியில் இருக்கும் எண்ணெய்க்குள் ஈரமான பொருள் விழுந்ததும் அதிலுள்ள நீர் நொடியில் ஆவியாகிறது. நீர் ஆவியானால் கொள்ளளவு ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகும். அந்த ஆவி குமிழ் குமிழாகக் கிளம்பி எண்ணெய்ப் பரப்பில் உடைவதுதான் நமக்குக் கேட்பது. கடுகு வெடிப்பதும் இதே கதைதான். தோலுக்குள் அடைபட்ட கொஞ்சம் ஈரம் ஆவியாகி முட்டித் தள்ளுகிறது.

முறுக்கு சுடும் வீட்டில் “சத்தம் அடங்கினதும் எடு” என்று சொல்வார்கள். பிழிந்து போட்டதும் எண்ணெய் கொந்தளிக்கும்; ஈரம் குறையக் குறையக் குமிழ் சிறுத்து, சத்தம் தணிந்து, கடைசியில் எண்ணெய் மறுபடி ஊமையாகும். அப்போது உள்ளே நீர் இல்லை, முறுக்கு மொறுமொறுப்பாகிவிட்டது என்று அர்த்தம். ஈரப்பதத்தை அளக்க இதைவிடச் சல்லிசான கருவி கிடையாது. இந்தத் தகவல் மைக் வழியாக முழுசாக வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் பாட்டி வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே, திரையைப் பார்க்காமலே, “எண்ணெ இன்னும் காயல” என்று தீர்ப்புச் சொல்ல முடிகிறது.

மொறுமொறுப்புக்கும் காதுக்கும் உள்ள உறவை ஆக்ஸ்போர்டில் சார்ல்ஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ சாம்பினியும் 2004-இல் சோதித்தார்கள். ஆட்களுக்கு ஹெட்போன் மாட்டி, மைக்குக்கு முன்னால் உருளைக்கிழங்கு சிப்ஸைக் கடிக்கச் சொன்னார்கள். அவர்கள் கடிக்கும் ஓசையில் கீச்சொலியை மட்டும் கூட்டி அவர்கள் காதுக்கே திருப்பி அனுப்பியபோது, சிப்ஸ் புதுசாகவும் மொறுமொறுப்பாகவும் இருப்பதாகச் சொன்னார்கள். குறைத்தபோது நமத்துப்போனது என்றார்கள். சிப்ஸில் வித்தியாசம் எதுவும் இல்லை. இந்த ஆராய்ச்சிக்கு 2008-இல் ‘இக் நோபல்’ என்ற கேலிப் பரிசு கிடைத்தது. கேலி கேலியாக இருந்தாலும் பாடம் உண்மை. நடுவர் அப்பளத்தை உடைக்கும் சத்தம் நல்ல ஸ்பீக்கரில் வந்தால், அந்த அப்பளம் நம் வாயிலும் கொஞ்சம் உடைகிறது.

‘குக் வித் கோமாளி’யின் முதல் சீசன்களில் நடுவர்களான செஃப் தாமுவும் வெங்கடேஷ் பட்டும் ஒரு வாய் எடுத்து வைத்ததும் கேமரா அவர்கள் முகத்திலேயே நிற்கும். சமைத்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். நம் வீட்டிலும் பேச்சு நின்றுவிடும். மெல்லும் முகத்தில் அப்படி என்ன இருக்கிறது? நெதர்லாந்தில் கிறிஸ்டியன் கீசர்ஸ் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், யாரோ ஒருவர் கோப்பையிலிருந்து ஒரு மிடறு குடித்துவிட்டு முகம் மலர்வதையும், முகம் சுளிப்பதையும், சும்மா இருப்பதையும் படமாகக் காட்டினார்கள். பார்த்தவர்களின் மூளையில், அவர்களே ஒன்றைச் சுவைக்கும்போது வேலை செய்யும் இன்சுலா பகுதி வேலை செய்தது. பிறர் உணர்ச்சியில் எளிதாக ஒன்றிப்போகிறவர்களுக்கு அது இன்னும் கூடுதல். ஆக நடுவரின் முகம் நமக்கு ருசியின் அஞ்சல். நிகழ்ச்சி எடுப்பவர்கள் தட்டைவிட முகத்தை நெருக்கத்தில் காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது.

இங்கே ‘கண்ணாடி நியூரான்’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம் சொல்லிவிடும் வழக்கம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் இத்தாலியின் பார்மா நகரில் ஜாக்கோமோ ரிசோலாட்டி குழுவினர் குரங்கின் மூளையில் இந்த நரம்பணுக்களைக் கண்டார்கள். குரங்கு தானே தீனியை எடுக்கும்போது துடித்த அதே அணு, மனிதர் எடுப்பதைக் குரங்கு பார்த்தபோதும் துடித்தது. அருமையான கண்டுபிடிப்புதான். ஆனால் மனிதரின் பரிவு, மொழி, கலை என எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டியது அதிகப்படி, அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு அதைவிடச் சுவையாகத் தோன்றுவது 2005-இல் லண்டனில் நடந்த சோதனை. பாலே ஆடுகிறவர்களுக்கும், கப்போய்ரா என்ற பிரேசில் ஆட்டம் ஆடுகிறவர்களுக்கும் இரண்டு ஆட்டத்தையும் காட்டினார்கள். அவரவர் உடம்பு பழகிய ஆட்டத்தைப் பார்க்கும்போதுதான் அசைவுக்கான மூளைப் பகுதிகள் பலமாகப் பதிலளித்தன. பரோட்டா மாவை விசிறுவதை எல்லோரும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை என்று இதிலிருந்து ஊகிக்கலாம். கை பழகியவருக்குத் தோள் லேசாக முறுக்கிக்கொள்ளும். மற்றவருக்கு அது வெறும் வித்தை.

கை பழகாதவர்தான் வீட்டில் அதிகம் விமர்சனம் செய்பவர் என்பதற்கும் அறிவியல் இருக்கிறது. சிகாகோவில் மைக்கேல் கார்டாஸும் எட் ஓபிரையனும் 2018-இல் ஒரு தொடர் சோதனை செய்தார்கள். மேசை விரிப்பைத் தட்டு நகராமல் உருவும் வித்தை, அம்பு எறிதல், மைக்கேல் ஜாக்சனின் ‘மூன்வாக்’ போன்றவற்றைச் சிலருக்கு ஒரு முறையும் சிலருக்குப் பல முறையும் காட்டினார்கள். அதிக முறை பார்த்தவர்களுக்கு, தம்மால் முடியும் என்ற நம்பிக்கை ஏறிக்கொண்டே போனது. செய்யச் சொல்லிப் பார்த்தபோது திறமை ஏறவே இல்லை. “இதென்ன பெரிய விஷயம், மாவைச் சுத்தி எறிய வேண்டியதுதானே” என்று சோபாவிலிருந்து வரும் குரல் எந்த வீட்டிலும் கேட்பதுதான். பார்த்தால் படிகள் தெரியும். மாவின் இழுவை தெரியாது. அது கைக்கு மட்டும் தெரிந்த தகவல், அதை அனுப்ப இன்னும் வழியில்லை.

இவ்வளவு பார்த்தும் ஏன் வயிறு நிறைவதில்லை? உண்மையில் நிறையலாம் என்று காட்டும் ஒரு சோதனை உண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கேரி மோர்வெட்ஜ் 2010-இல், எம் அண்ட் எம் சாக்லெட் மிட்டாயை ஒவ்வொன்றாக 30 முறை சாப்பிடுவதாக மனத்தால் கற்பனை செய்யச் சொன்னார். அப்படிச் செய்தவர்கள், பிறகு நிஜ மிட்டாயைக் கொடுத்தபோது, 3 முறை மட்டும் கற்பனை செய்தவர்களைவிடக் குறைவாகத் தின்றார்கள். ஆனால் சாப்பிடுவதற்குப் பதிலாக, மிட்டாயைக் கிண்ணத்தில் எடுத்துப் போடுவதாகக் கற்பனை செய்தவர்களுக்கு ஆசை குறையவில்லை, கூடியது. சமையல் நிகழ்ச்சியை இந்தக் கண்ணால் பாருங்கள். நறுக்குவது, வதக்குவது, கிளறுவது, தட்டில் அடுக்குவது என்று நிமிடக்கணக்கில் ஓடும். சாப்பிடுவது நடுவரின் ஒரு வாய். மனத்தால் நாம் செய்வதெல்லாம் கிண்ணத்தில் எடுத்துப் போடும் வேலைதான். பசி ஏறாமல் என்ன செய்யும்? 2013-இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில் 80 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்குச் சமையல் நிகழ்ச்சியும் மற்றவர்களுக்கு இயற்கைக் காட்சிகளும் போட்டார்கள். பக்கத்தில் வைத்திருந்த சாக்லெட் மிட்டாயைச் சமையல் பார்த்தவர்கள்தான் அதிகம் தின்றார்கள். கேரட்டும் வைத்திருந்தார்கள், அதில் வித்தியாசம் தெரியவில்லை.

காய்கனி ஆசையையும் கிளப்ப முடியும் போலிருக்கிறது, ஆனால் பிள்ளைகளிடம். நெதர்லாந்தில் ஃபிரான்ஸ் ஃபோக்வோர்ட் குழுவினர் 10 முதல் 12 வயதுள்ள 125 பிள்ளைகளுக்கு அங்குள்ள சிறுவர் சமையல் நிகழ்ச்சியிலிருந்து பத்து நிமிடம் காட்டினார்கள். காய்கனிச் சமையலைப் பார்த்தவர்களுக்கும் பொரித்ததும் இனிப்புமாகப் பார்த்தவர்களுக்கும் முடிவில் ஒரு தீனி பரிசு: ஆப்பிளா வெள்ளரித் துண்டா, சிப்ஸா உப்புப் பிரெட்செலா என்று அவர்களே எடுத்துக்கொள்ளலாம். காய்கனியைப் பார்த்தவர்கள் ஆப்பிள், வெள்ளரிப் பக்கம் போகும் வாய்ப்பு 2.7 மடங்கு அதிகமாக இருந்தது. 2020-இல் வந்த இந்த ஆய்வு பத்து நிமிடத்தின் உடனடி விளைவைத்தான் அளந்தது. ஆண்டுக்கணக்கில் பழக்கம் மாறுமா என்பது வேறு கேள்வி.

இதையெல்லாம் தனியாக உட்கார்ந்து போனில் பார்த்தாலும் அனுபவிக்கலாம். ஆனாலும் கூடத்தில் எல்லோருமாகப் பார்ப்பதன் ருசி வேறு. யேல் பல்கலைக்கழகத்தில் எரிகா பூத்பி 2014-இல் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துச் சாக்லெட் கொடுத்தார். இருவரும் ஒரே நேரத்தில் சாக்லெட்டைச் சுவைத்தபோது, மற்றவர் வேறு வேலையில் இருந்தபோது கிடைத்ததைவிட அது அதிகம் பிடித்திருந்தது. இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கசப்பான சாக்லெட்டைக் கொடுத்துப் பார்த்தார். சேர்ந்து தின்றபோது அது இன்னும் மோசமாக இருந்தது. கூட்டு என்பது நல்லதை மட்டும் பெருக்குவதில்லை, எது வந்தாலும் பெருக்கும். கோமாளி பாயசத்தில் உப்பைக் கொட்டினால் வீடே ஒரே நேரத்தில் முகம் சுளிப்பது அதனால்தான். அந்தச் சுளிப்பைப் பார்த்து அடுத்த நொடி சிரிப்பதும் அதனால்தான்.

அந்தச் சாக்லெட் சோதனையில் பேச்சில்லை. நம் கூடத்தில் பேச்சுத்தான் முக்கால்வாசி. டல்லாஸில் மார்க் ஃபெல்ட்மனும் சார்ல்ஸ் ரிச்சர்ட்சனும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது.  வயிற்றுக்குள் குழாய் விட்டு அமிலத்தை அளந்தபடி, ஆட்களுக்கு உணவை வெறுமனே காட்டினார்கள். பிறகு மணத்தை மட்டும் மோக்கவிட்டார்கள். மென்று துப்பச் சொன்னார்கள். இன்னொரு முறை கண்ணுக்கும் மூக்குக்கும் நாக்குக்கும் ஒன்றுமே கொடுக்காமல் சாப்பாட்டைப் பற்றி அரைமணி நேரம் பேசவிட்டார்கள். மென்று துப்பியதில்தான் அமிலம் அதிகம். அதற்கு அடுத்த இடம் பார்த்ததற்கோ மோந்ததற்கோ கிடைக்கவில்லை. பேச்சுக்குக் கிடைத்தது: மென்றபோது சுரந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, வெறும் பேச்சில் சுரந்தது. பார்த்தலும் மோத்தலும் பாதியைக்கூட எட்டவில்லை.

இந்தக் கணக்குப்படி பார்த்தால், குழம்பு கொதிக்கும் காட்சியில் நம் வயிறு கொஞ்சம்தான் வேலை செய்கிறது. நிகழ்ச்சிக்கு நடுவே விளம்பரம் வந்து, பேத்தி சத்தத்தைக் குறைத்து, “நம்ம வீட்டு வத்தக்குழம்புக்கு இவ்ளோ வெல்லம் போட மாட்டோம்ல?” என்று கேட்க, “எங்க அம்மா போடுவா, ஆனா சுண்டைக்காய நல்லெண்ணெயில கருக வறுத்துட்டுப் போடுவா” என்று பாட்டி ஆரம்பிக்க, அப்பா குறுக்கே புகுந்து தன் அத்தை வீட்டுச் சுட்ட அப்பளத்தைக் கொண்டுவந்து அதோடு சேர்க்கும்போதுதான் அமிலம் வேகமெடுத்துச் சுரக்கிறது. சேனல்காரர்கள் சரியாக அந்த நேரத்தில்தான் சமையல் எண்ணெய்க்கும் மசாலாப் பொடிக்கும் விளம்பரம் ஓட்டுகிறார்கள்.